நிலத்தை 'எடுத்தாரு'ன்னா என்ன அர்த்தம்? எல்லைப்புற வன்முறை, ஒரு நாவல், அதோட டிவி வடிவம்

போன மாசம் சிட்னி மேற்குல, டூங்காபி பக்கம் ஒரு நண்பர் வீட்ல குழந்தைக்குப் பிறந்தநாள். சாப்பாடு முடிஞ்சு பின்பக்கம் நாற்காலி போட்டு உக்காந்திருந்தோம், பேச்சு எப்படியோ 'த சீக்ரெட் ரிவர்' டிவி சீரிஸ் பக்கம் திரும்புச்சு, ஆஸ்திரேலியால குடியேற வந்த வெள்ளைக்காரங்களுக்கும் அங்க இருந்த பூர்வகுடிகளுக்கும் நடந்த நிலச் சண்டையைச் சொல்ற அதே பேர் நாவல்ல இருந்து எடுத்தது. ஒருத்தர் சொன்னாரு, "இதெல்லாம் கதைக்காக சேர்த்ததுங்க, ஆஸ்திரேலியால சண்டையே நடக்கல, காலியா கிடந்த நாட்டுல வெள்ளைக்காரன் வந்து இறங்கினான், அவ்ளோதான்." பக்கத்துல இருந்த அக்கா நாவலைப் படிச்சவங்க, "புக்கு எவ்ளோ நல்லா இருந்துச்சு, டிவில கெடுத்து வெச்சுட்டாங்க"ன்னாங்க. மூணாவதா ஒருத்தர், "அந்த நாவல்ல இருக்கறது அப்படியே நடந்த வரலாறு"ன்னு அடிச்சுச் சொன்னாரு.

மூணு பேர் மேலயும் எனக்கு மரியாதை உண்டு, ஆனா மூணு பேர் சொன்னதும் சரியில்ல. அதுலயும் முதல்ல சொன்னது மனசை ரொம்ப உறுத்துச்சு, ஏன்னா நாங்க உக்காந்திருந்த அதே டூங்காபில 1797ல அரசாங்கப் பண்ணை மேல பெமுல்வோய்ங்கிற பிஜிகல் பூர்வகுடி வீரர் ஆளுங்களைத் திரட்டிட்டு வந்து தாக்கினாரு, துரத்திட்டு வந்த குடியேறிகளோடயும் சிப்பாய்ங்களோடயும் பரமட்டால நேருக்கு நேர் சண்டை போட்டு, உடம்பு முழுக்க குண்டு வாங்கி பிடிபட்டு, கால் விலங்கோடயே தப்பிச்சுப் போனாரு. 1802ல அவரைச் சுட்டுக் கொன்னு தலையை வெட்டி இங்கிலாந்துக்கு அனுப்பினாங்க. அவர் பேர்ல இப்ப ஒரு சபர்பே இருக்கு, நம்மாளுங்க நிறைய பேர் அது வழியாத்தான் தினமும் வேலைக்குப் போறாங்க.

அதனால மூணு விஷயத்தையும் ஆரம்பத்துல இருந்து எழுதிடலாம்னு தோணுச்சு. எல்லைப்புற வன்முறைன்னா என்ன, வரலாற்று நாவல்னா என்ன, அது திரைக்குப் போகும்போது உள்ளுக்குள்ள என்ன நடக்குது. உதாரணத்துக்கு இந்த ஒரு நாவலையே கடைசி வரைக்கும் வெச்சுக்கறேன். முன்னாடி எதுவும் தெரிஞ்சிருக்கணும்னு இல்ல.

வரப்புல இருந்து ஆரம்பிப்போம்

ஊர்ல வரப்புத் தகராறு பாத்திருப்பீங்க. பக்கத்து வயல்காரர் ஒவ்வொரு வருஷமும் உழவு ஓட்டும்போது வரப்பை ஒரு சாண் இந்தப் பக்கம் தள்ளிடுவாரு, பத்து வருஷம் கழிச்சுப் பாத்தா நம்ம வயல்ல ரெண்டு பாத்தி காணாமப் போயிருக்கும். என்னைக்கு எல்லை மாறுச்சுன்னு கேட்டா ஒரு தேதி சொல்ல முடியாது. ஆனாலும் அந்தத் தகராறைத் தீர்க்க ரெண்டு பேருக்கும் பொதுவா ஏதோ ஒண்ணு இருக்கு, சர்வேயர் வந்து சங்கிலி பிடிச்சு அளப்பாரு, பட்டா பாப்பாங்க, ஊர்ப் பெரியவங்க பேசுவாங்க, அதுலயும் தீரலைன்னா கோர்ட்டு.

இப்ப அந்தப் பொதுவான ஆளை எல்லாம் எடுத்துடுங்க. வரப்பைத் தள்றவர் கைல துப்பாக்கி இருக்கு, கோர்ட்டும் அவரோட கோர்ட்டு, நீங்க போய் சாட்சி சொன்னா அந்தக் கோர்ட்டு ஏத்துக்காது. இது சும்மா கற்பனை இல்ல. நியூ சவுத் வேல்ஸ்ல பூர்வகுடி மக்கள் கோர்ட்டுல சாட்சி சொல்றதுக்கு 1876 வரைக்கும் சட்டம் இடம் கொடுக்கல, அவங்க கிறிஸ்தவ முறைப்படி சத்தியம் பண்ண முடியாதுங்கறது காரணம்.

இந்த நிலைமைலதான் 'எல்லைப்புறம்'ங்கிற வார்த்தை வருது. நிறைய பேர் இதை ரெண்டு நாட்டுக்கு நடுவுல இருக்கற பார்டர்னு நினைச்சுக்கறாங்க, இல்லைன்னா குதிரை, தொப்பி, புழுதி பறக்கற சினிமான்னு. உண்மைல எல்லைப்புறம்ங்கறது ஒரு கோடே இல்ல. ஒரு கூட்டம் காலங்காலமா வாழ்ந்துட்டு இருக்கற நிலத்துக்குள்ள இன்னொரு கூட்டம் வந்து குடியேறி, யாரோட சட்டம் செல்லும்னு இன்னும் முடிவாகாத பகுதிக்குத்தான் அந்தப் பேரு. அது நகர்ந்துட்டே இருக்கும். இந்த வருஷம் ஆத்தோட இந்த வளைவுல இருக்கும், அஞ்சு வருஷம் கழிச்சு அடுத்த வளைவுக்குப் போயிருக்கும். அந்தப் பகுதில நடக்கற வன்முறைக்கு நாள் குறிச்சு போர் அறிவிப்பு எதுவும் கிடையாது, பெரும்பாலும் பட்டாளம் கூட கிடையாது, அதைப் பண்றது விவசாயி, படகுக்காரன், ஆடு மேய்க்கறவன். அதனாலயே 'சண்டையே நடக்கல'ன்னு பின்னாடி சொல்றது ரொம்ப சுலபமாயிடுது.

'புறம்போக்கு'ன்னு ஒரு முத்திரை

இன்னொரு நம்ம வார்த்தை இதைப் புரிஞ்சுக்க உதவும், புறம்போக்கு. ரெவின்யூ ரிக்கார்டுல ஒரு நிலம் யார் பேர்லயும் இல்லைன்னா புறம்போக்குன்னு எழுதிடறாங்க, கேக்கறவங்க காதுக்கு அது யாருக்கும் சொந்தமில்லாத வீண் நிலம் மாதிரி கேக்குது. ஆனா நேர்ல போய்ப் பாத்தா அங்க மாடு மேயும், சுள்ளி பொறுக்குவாங்க, குளத்துல மீன் பிடிப்பாங்க, ஒரு ஓரத்துல சுடுகாடு கூட இருக்கும். அந்த நிலத்தோட உரிமை நூறு பேர் புழக்கத்துலயும் ஞாபகத்துலயும் இருக்கு, ஆனா பேப்பர்ல இல்ல.

ஒரு கண்டத்தையே அப்படி முத்திரை குத்தினதுக்குப் பேருதான் டெர்ரா நல்லியஸ். லத்தீன் வார்த்தை, யாருக்கும் சொந்தமில்லாத நிலம்னு அர்த்தம். 1788 ஜனவரில 11 கப்பல்ல கைதிகளையும் சிப்பாய்களையும் கொண்டு வந்து இறக்கினப்போ யாரும் இந்த வார்த்தையைச் சொல்லிட்டுத் திரியல, இது பின்னாடி வந்த பேரு. ஆனா நடைமுறை அதுதான். அங்க இருந்தவங்களுக்கு வேலி இல்ல, பத்திரம் இல்ல, அதனால சொந்தமும் இல்லைன்னு எடுத்துக்கிட்டாங்க.

இதுக்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கு. 1835ல ஜான் பேட்மன்ங்கிறவர் இப்ப மெல்போர்ன் இருக்கற இடத்துல குலின் மக்கள்கிட்ட போர்வை, கத்தி, கோடாரி எல்லாம் கொடுத்து நிலத்தை வாங்கிட்டேன்னு ஒரு ஒப்பந்தம் போட்டுட்டு வந்தாரு. கவர்னர் போர்க் அது செல்லாதுன்னுட்டாரு. பூர்வகுடிகளை ஏமாத்தினதா அவர் காரணம் சொல்லல. நிலம் அரசரோடது, அவங்களோடதே இல்லாததை அவங்க எப்படி விக்க முடியும்ங்கறதுதான் அவர் வாதம். இந்த முத்திரையை ஆஸ்திரேலியாவோட உச்ச நீதிமன்றம் கிழிச்சுப் போட்டது 1992 ஜூன் 3ஆம் தேதி, தன் தீவு நிலத்துக்கு உரிமை கேட்ட எடி மாபோ பேர்ல நடந்த வழக்குல. தீர்ப்பு வர்றதுக்கு அஞ்சு மாசம் முன்னாடியே மாபோ இறந்துட்டாரு.

கிழங்கும் மக்காச்சோளமும்

சரி, சண்டை எதுக்கு வந்துச்சு? 'நிலத்துக்காக'ன்னு ஒரே வார்த்தைல சொல்லிட்டுப் போயிடறாங்க, ஆனா அந்த வார்த்தைக்குள்ள நடக்கறதைப் பக்கத்துல போய்ப் பாத்தாத்தான் புரியும்.

சிட்னிக்கு வடமேற்குல ஹாக்ஸ்பரி நதி ஓடுது. அங்க வாழ்ந்த தாருக் மக்கள் அதை தியாரபின்னு கூப்பிட்டாங்க. 1789ல பரவின அம்மைல சிட்னி சுத்துவட்டாரத்துப் பூர்வகுடிகள்ல ஏகப்பட்ட பேர் செத்துப்போயிருந்தாங்க, அதுல தப்பிச்சவங்கதான் அந்த ஆத்தோரத்துல இருந்தவங்க. ஆத்தோரத்து வண்டல் மண்ணுல கிழங்கு விளையும். பொம்பளைங்க தோண்டுகுச்சி வெச்சு அதைத் தோண்டி எடுப்பாங்க, மொத்தமா பிடுங்கிட மாட்டாங்க, அடுத்த வருஷம் முளைக்கறதுக்கு விட்டு வெப்பாங்க. நாம கருணைக்கிழங்கு வெட்டும்போது முளையை மண்ணுல வெக்கற மாதிரி. வெளில இருந்து வர்றவன் கண்ணுக்கு அது காட்டுச்செடி, தாருக் குடும்பத்துக்கு அதுதான் சோறு.

1794ல 22 குடியேறிகள் அங்க வந்து நிலம் வாங்கிட்டு உக்காந்தாங்க. அவங்களுக்கும் நல்ல மண்ணு அந்த ஆத்தோரம்தான். கிழங்குச் செடியை வெட்டி எறிஞ்சுட்டு மக்காச்சோளம் போட்டாங்க. அடுத்த பருவத்துல தாருக் மக்கள் வந்து பாக்கறாங்க, வழக்கமா கிழங்கு எடுக்கற இடத்துல வேற ஏதோ விளைஞ்சு நிக்குது, சாப்பிடவும் முடியுது. எடுத்துக்கிட்டாங்க. அவங்க கணக்குல அது அவங்க இடத்துல விளைஞ்சது, குடியேறி கணக்குல அது திருட்டு. அவன் சுட்டான், இவங்க ஈட்டி எறிஞ்சாங்க, குடிசையை எரிச்சாங்க, அவன் பக்கத்துப் பண்ணைக்காரங்களைக் கூட்டிட்டு ராத்திரில வந்தான். 1795லயே அந்தக் காலனியோட நீதி அதிகாரி டேவிட் காலின்ஸ், பகிரங்கமான போர் ஆரம்பிச்ச மாதிரி இருக்குன்னு எழுதி வெச்சிருக்காரு. அந்த வருஷம் கவர்னர் பொறுப்புல இருந்த பேட்டர்சன் சிப்பாய்களை அனுப்பி, கொல்லப்பட்ட பூர்வகுடிகளோட உடம்பைத் தூக்குமரத்துல தொங்கவிடச் சொன்னாரு. 'சண்டையே நடக்கல'ன்னு சொன்ன அண்ணனுக்கு நான் முதல்ல காட்ட ஆசைப்படறது இதைத்தான், ஏன்னா இதை எழுதினது எதிர்த்தரப்பு இல்ல, அந்த அரசாங்கத்தோட ஆளே எழுதினது.

1804ல கவர்னர் கிங் அந்தப் பகுதி பூர்வகுடிகளைக் கூப்பிட்டுப் பேசினப்போ, ஆத்தோரத்துல எங்களுக்குன்னு மிச்சம் இருக்கற கொஞ்சூண்டு இடத்தையாவது விட்டுவைங்கன்னு கேட்டிருக்காங்க. அவர் நியாயம்தான்னு ஒத்துக்கிட்டாரு. ஆனா குடியேறிகளுக்கு நிலம் கொடுக்கறது நிக்கவே இல்ல.

சட்டம் இல்லவே இல்லையான்னா, இருந்துச்சு. 1799ல ஹாக்ஸ்பரியில ரெண்டு பூர்வகுடிப் பையன்களைக் கொன்னதுக்காக அஞ்சு குடியேறிகள் குற்றவாளின்னு தீர்ப்பு வந்துச்சு, ஆனா தண்டனை என்னன்னு லண்டன்ல கேக்கணும்னு தள்ளி வெச்சாங்க, கடைசில அவங்களை மன்னிச்சு விட்டுட்டாங்க. தண்டனை நிறைவேறின பெரிய வழக்குன்னா 1838 மயல் கிரீக் படுகொலை. குறைஞ்சது 28 பேரைக் கொன்னதுக்கு 7 பேரைத் தூக்குல போட்டாங்க. அதுகூட முதல் விசாரணைல எல்லாரும் விடுதலையாகி, மறுபடியும் வழக்கு போட்டு வந்த தீர்ப்பு. ஆறு பேரோ அதுக்கு மேலயோ கொல்லப்பட்டா அது படுகொலைன்னு கணக்கு வெச்சு நியூகாசில் பல்கலைக்கழக வரலாற்று ஆய்வாளர்கள் ஒரு மேப் போட்டிருக்காங்க, 1788ல இருந்து 1930 வரைக்கும் 400க்கும் மேல இடம் அதுல இருக்கு.

இதுவரைக்கும் பாத்ததைச் சுருக்கிச் சொல்லிடறேன். எல்லைப்புறம் ஒரு கோடு இல்ல, ஒரே நிலத்துல ரெண்டு வாழ்க்கை மோதற இடம். பத்திரம் இல்லாததால அது யாருக்கும் சொந்தமில்லாத நிலம்னு ஆக்கப்பட்டுச்சு. சண்டை கொள்கைக்காக ஆரம்பிக்கல, கிழங்கு இருந்த மண்ணுல மக்காச்சோளம் போட்டதுல ஆரம்பிச்சுச்சு.

'டுக்', 'டுக் அப்': நாவல் பிறந்த கதை

இப்ப நாவலுக்கு வருவோம். எழுதினது கேட் கிரென்வில், வெளியானது 2005ல, அடுத்த வருஷம் புக்கர் பரிசோட இறுதிப் பட்டியல் வரைக்கும் போச்சு. கிரென்வில்லோட கொள்ளுத் தாத்தாவுக்கும் முந்தின தலைமுறை ஒருத்தர் சாலமன் வைஸ்மன், லண்டன்ல தேம்ஸ் நதி படகுக்காரரு, மரம் திருடினதுக்காக நாடு கடத்தப்பட்டு 1806ல சிட்னி வந்தவரு. பின்னாடி ஹாக்ஸ்பரியில நிலம், வீடு, படகுத்துறைன்னு பெரிய ஆளாயிட்டாரு. குடும்பத்துல வழிவழியா சொல்ற கதைல அவர் அங்க போய் நிலத்தை 'டுக் அப்' (took up) பண்ணாருன்னு வரும். ஆங்கிலத்துல அது ரொம்ப சாதுவான பேச்சு, யாரோ கொடுத்ததை வாங்கிக்கிட்டு வேலையை ஆரம்பிச்ச மாதிரி தொனிக்கும்.

2000 மே 28ஆம் தேதி பூர்வகுடிகளோட நல்லிணக்கம் வேணும்னு சுமார் 2.5 லட்சம் பேர் சிட்னி ஹார்பர் பாலத்துல நடந்தாங்க. அதுல கிரென்வில்லும் நடந்தாங்க. ஓரமா நின்னு பாத்துட்டிருந்த ஒரு பூர்வகுடிப் பெண்ணைப் பாத்து சிரிச்சிருக்காங்க, அந்த அம்மாவும் சிரிச்சாங்க, அந்த ஒரு நொடில தன்னோட முப்பாட்டனும் இவங்களோட முப்பாட்டனும் நேருக்கு நேர் சந்திச்சிருந்தா என்ன நடந்திருக்கும்னு ஒரு கேள்வி விழுந்துடுச்சு. அப்புறம்தான் அந்த 'டுக் அப்'ல இருக்கற 'அப்'பை எடுத்துட்டா வெறும் 'டுக்'தான் மிஞ்சுதுன்னு அவங்களுக்கு உறைச்சிருக்கு. நம்ம பேச்சுல சொன்னா, 'நிலம் எடுத்தாரு'ங்கறதுக்கும் 'நிலத்தை எடுத்துக்கிட்டாரு'ங்கறதுக்கும் உள்ள வித்தியாசம். ஒரு சின்ன ஒட்டு, ஆனா அதுக்குள்ள ஒரு ஊரே புதைஞ்சு கிடக்கு.

முதல்ல அவங்க வைஸ்மனைப் பத்தி ஆவண நூல்தான் எழுத ஆரம்பிச்சாங்க. ஆனா அவர் யாரையாவது கொன்னாருன்னோ கொல்லலைன்னோ சொல்ற ஆவணம் எதுவும் கிடைக்கல. அந்த இடத்துலதான் அது நாவலா மாறுச்சு. வைஸ்மன் போயி வில்லியம் தோர்ன்ஹில்ங்கிற கற்பனை மனுஷன் வந்தாரு.

வரலாற்று நாவல்னா இதுதான். காலம், இடம், சட்டம், சாப்பாடு, படகு, வறுமை எல்லாம் ஆவணத்துல இருந்து எடுத்து, ஆவணம் பேசாத இடத்துல கற்பனையை நிரப்பறது. நம்ம வீட்டுப் பழைய ஆல்பத்துல தாத்தா போட்டோ இருக்கும், என்னைக்கு எங்க எடுத்ததுன்னு பின்னாடி எழுதியிருக்கும், ஆனா அந்த நேரத்துல அவர் என்ன நினைச்சாருன்னு போட்டோல இருக்காது. அதை எழுதறவர் இட்டுக்கட்டித்தான் ஆகணும். அதனால 'அப்படியே நடந்தது'ன்னு சொன்ன நண்பருக்கு என் பதில், இல்லைங்க, நாவல்ல வர்ற அந்தக் குறிப்பிட்ட படுகொலை அந்தக் குறிப்பிட்ட நாள்ல நடந்ததுன்னு யாரும் சொல்லல, ஆனா அது மாதிரி நடந்ததுங்கறதுக்கு ஆவணம் இருக்கு. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற இடைவெளியை மனசுல வெச்சுக்கிட்டுத்தான் படிக்கணும்.

இதுக்காக ஆஸ்திரேலியால பெரிய வாக்குவாதமே நடந்துச்சு. வரலாற்று ஆய்வாளர்கள் கீழ நின்னு அடிச்சுக்கறாங்க, நாவலாசிரியர் ஏணில ஏறி மேல இருந்து பாக்கலாம்ங்கற மாதிரி கிரென்வில் ஒரு ரேடியோ பேட்டில சொல்லிட்டாங்க, அது ஆய்வாளர்களுக்குக் கோபத்தை உண்டாக்கிடுச்சு. இங்கா கிளெண்டினன்ங்கிற பெரிய வரலாற்று அறிஞர் 2006ல ஒரு நீண்ட கட்டுரையே எழுதினாங்க. இன்னைக்கு இருக்கற நம்ம மனசை அன்னைக்கு இருந்தவன் மண்டைக்குள்ள வெச்சுட்டு அவனைப் புரிஞ்சுக்கிட்டதா நினைக்கறது தப்பு, ஒரு காலத்துல நடந்த சம்பவத்தைத் தூக்கி வேற காலத்துல வெச்சா அதோட அர்த்தமே மாறிடும், இதான் அவங்க வாதம். எனக்கு கிளெண்டினன் சொன்னது சரின்னுதான் படுது, அதே நேரம் இந்த நாவல் இல்லைன்னா ஹாக்ஸ்பரியைப் பத்தி என்னை மாதிரி ஆளு ஒரு பக்கம் கூட படிச்சிருக்க மாட்டேன்ங்கறதும் உண்மை.

தலைப்பைப் பத்தியும் ஒண்ணு சொல்லணும். 'ரகசிய நதி'ங்கறது ஹாக்ஸ்பரி இல்ல. ஸ்டேனர்ங்கிற மானிடவியல் அறிஞர் 1968ல ரேடியோல சொற்பொழிவு ஆத்தினப்போ, ஆஸ்திரேலிய வரலாற்றுக்கு அடில ஓடற ரகசியமான ரத்த ஆறுன்னு சொன்னதுல இருந்து வந்தது.

யார் கண்ணு வழியா பாக்கறோம்

இந்த நாவலோட பலமும் பிரச்சனையும் ஒரே இடத்துலதான் இருக்கு, அதுக்குப் பேரு பார்வைக் கோணம். கதையை யாரோட மனசுக்குள்ள உக்காந்து கேக்கறோம்ங்கறதுதான் அது. 'த சீக்ரெட் ரிவர்' ஆரம்பத்துல இருந்து முடிவு வரைக்கும் தோர்ன்ஹில் மனசுக்குள்ளயே இருக்கு. லண்டன்ல பசி, குளிர், கூட்டமா ஒரே அறைல படுக்கற வீடு, தூக்கு தண்டனை வரைக்கும் போயி தப்பிச்ச ஆளு. அவன் ஹாக்ஸ்பரியில படகுல போகும்போது கட்டைவிரல் மாதிரி ஆத்துக்குள்ள நீட்டிட்டு இருக்கற ஒரு நிலத்துண்டைப் பாக்கறான். அது அவனுக்கு வேணும். வாழ்க்கைல முதல் தடவையா தன்னோடதுன்னு சொல்லிக்க ஒண்ணு. படிக்கற நமக்கும் அவனுக்கு அது கிடைக்கணும்னு ஆசை வந்துடும், எனக்கு வந்துச்சு, இப்ப நினைச்சாலும் அது எனக்கு சங்கடமாத்தான் இருக்கு.

அவன் அங்க போய் முதல்ல என்ன பண்றான்? மண்ணைக் கொத்தி, அங்க இருந்த டெய்ஸி செடிங்களைப் பிடுங்கி எறிஞ்சுட்டு மக்காச்சோளம் போடறான். அந்தச் செடிக்கு அடில இருந்த கிழங்குதான் அந்த மக்களோட சோறுன்னு நமக்குப் பின்னாடிதான் தெரியும், ஏன்னா அவனுக்கே தெரியாது. மேல நான் ஒரு பத்தில சொன்ன வரலாறு மொத்தமும் இங்க ஒரு மண்வெட்டி வெட்டுக்குள்ள வந்துடுது.

இன்னொரு இடம், என்னால மறக்கவே முடியாதது. அவன் மனைவி சால் ஒருநாள் பூர்வகுடிகளோட இருப்பிடத்துக்குப் போய்ப் பாக்கறா. அங்க வாசலைச் சுத்தமா பெருக்கி வெச்சிருக்கு, ஒரு துடைப்பம் கூட இருக்கு. அவ்ளோதான். நம்ம வீட்டு வாசல் மாதிரிதானே இதுன்னு அவளுக்குப் புரிஞ்ச அந்த நிமிஷத்துல, இது இவங்களோட பாட்டி, பூட்டி காலத்துல இருந்து இவங்க இடம்ங்கறதும் புரிஞ்சுடுது, இங்கிருந்து போயிடலாம்ங்கறா. பத்திரம், சட்டம், லத்தீன் வார்த்தை எதுவும் வேண்டியிருக்கல, ஒரு துடைப்பம் போதுமா இருந்துச்சு. அவன் போகல.

ஸ்மாஷர் சல்லிவன்னு ஒரு பக்கத்துப் பண்ணைக்காரன் ஒரு பூர்வகுடிப் பெண்ணைச் சங்கிலி போட்டுக் கட்டி வெச்சிருக்கறதைத் தோர்ன்ஹில் பாக்கறான், வெளில சொல்லல. விஷம் கலந்த மாவைச் சாப்பிட்டு ஒரு கூட்டமே செத்துக் கிடக்கறதைப் பாக்கறான், அதையும் சொல்லல. கடைசில ராத்திரி படகுல ஆளுங்களை ஏத்திட்டுப் போய்ப் படுகொலைல அவனும் சேந்துக்கறான். அவன் கெட்டவனா பொறக்கல, ஒவ்வொரு தடவையும் வாயை மூடிக்கிட்டான், அந்த வாய்மூடலே அவனை அங்க கொண்டு போய் நிறுத்துது.

ஆனா விலை ஒண்ணு இருக்கு. அவன் மனசுக்குள்ளயே இருக்கறதால தாருக் மக்கள் யார், அவங்க என்ன பேசிக்கிட்டாங்க, அவங்க நிஜப் பேரு என்ன, எதுவும் நமக்குத் தெரியாது. தோர்ன்ஹில் வெச்ச பட்டப்பேருதான் நமக்கும். பூர்வகுடிகளோட மனசுக்குள்ள போயி எழுதற உரிமை தனக்கு இல்லைன்னு கிரென்வில் தெரிஞ்சேதான் வெளில நின்னுட்டாங்க. அந்தத் தயக்கத்தை நான் மதிக்கறேன். ஆனாலும் படிச்சு முடிச்சப்புறம் கொன்னவன் மனசு முழுக்க நமக்குப் பழக்கம், செத்தவங்க பேரு கூட நமக்குத் தெரியாது.

நடுவுல ஒரு மூச்சு விட்டுக்கலாம். வரலாற்று நாவல் ஆவணத்தோட இடைவெளியைக் கற்பனையால நிரப்புது, அதனால அது சாட்சியும் இல்ல, பொய்யும் இல்ல. எந்த மனசுக்குள்ள உக்காந்து பாக்கறோம்ங்கறதுதான் யார் மேல நமக்கு இரக்கம் வரும்னு முடிவு பண்ணுது. இது புரிஞ்சா அடுத்தது சுலபம்.

அதே மாவு, வேற பாத்திரம்

தழுவல்னா ஒரு ஊடகத்துல இருக்கற கதையை இன்னொரு ஊடகத்துல மறுபடியும் உருவாக்கறது. இதை 'காப்பி எடுக்கறது'ன்னு நினைக்கறதுலதான் எல்லாக் குழப்பமும். இட்லி மாவைத் தோசைக்கல்லுல ஊத்திட்டு ஏன் இது பஞ்சு மாதிரி வரலைன்னு கேக்க முடியாது இல்லையா. மாவு அதேதான், ஆனா அங்க ஆவி வேலை செஞ்சுச்சு, இங்க சூடான கல்லு வேலை செய்யுது.

நாவல்ல வேலை செய்யறது மனசோட பேச்சு. திரைல அது கிடையாது. கேமராவுக்குத் தெரியறது முகம், கை, தூரம், வெளிச்சம் மட்டும்தான். தோர்ன்ஹில் அந்த நிலத்துக்கு ஏன் ஏங்கறான்ங்கறதை நாவல் லண்டன் பகுதியைப் பக்கம் பக்கமா எழுதி நமக்குள்ள இறக்கிடுது. 2015ல ஆஸ்திரேலிய அரசு சேனல் ஏபிசில வந்த சீரிஸ் மொத்தமே ரெண்டு பாகம்தான், டேய்னா ரீட் இயக்கினது, அதுல லண்டனுக்கு அவ்ளோ இடம் கொடுக்க முடியாது. அதனால தோர்ன்ஹில்லா நடிச்ச ஆலிவர் ஜாக்சன் கோஹன் மண்வெட்டியைத் தூக்கும்போது நமக்கு அந்த ஏக்கத்தை விட அந்தச் செயல்தான் முன்னாடி வந்து நிக்குது. அந்த அக்கா 'கெடுத்துட்டாங்க'ன்னு சொன்னது இந்த இடத்தைத்தான்னு நினைக்கறேன். அவங்க இழந்தது நிஜம். நாவல்ல தோர்ன்ஹில் கூடவே நின்னவங்க, டிவில அவனை எதிர்ல நின்னு பாக்க வேண்டியதாயிடுச்சு.

ஆனா கிடைச்சது ஒண்ணு இருக்கு, அதைத்தான் யாரும் பேசறதில்ல. நாவல்ல பூர்வகுடி மனுஷன் ஒருத்தர் மரத்துக்குப் பக்கத்துல நிக்கறாருன்னா அது ஒரு வரி, அடுத்த வரில அவர் காணாமப் போயிடலாம். திரைல அப்படி முடியாது. ஒரு நடிகர் உடம்போட வந்து நிக்கறாரு, அவருக்குக் கண்ணு இருக்கு, அவர் பாக்கறாரு, அவர் பக்கத்துல குழந்தை அழுவுது. பின்னணியா அவரை ஆக்கவே முடியாது. கேமராவுக்கு முன்னாடி தோர்ன்ஹில்லும் அவரும் ஒரே உயரம்.

இது இன்னும் தெளிவாத் தெரிஞ்சது டிவிக்கு முன்னாடி, 2013ல சிட்னி தியேட்டர் கம்பெனி போட்ட நாடகத்துல. ஆண்ட்ரூ போவெல் எழுதி நீல் ஆர்ம்ஃபீல்டு இயக்கினது. மேடைல உயிரோட நிக்கற நடிகர்களை ஊமையா நிறுத்த முடியாதுன்னு தாருக் பாத்திரங்களுக்குப் பேரு கொடுத்தாங்க, தாருக் மொழில பேச வெச்சாங்க, அதை மொழிபெயர்க்கவும் இல்ல. நதியோட பேரைத் தாங்கின ஒரு பூர்வகுடிப் பெண்தான் மொத்தக் கதையையும் சொல்றா. நாவல்ல தோர்ன்ஹில்லுக்கு அவங்க பேச்சு புரியாது, இங்க நமக்கும் புரியாது, ஆனா அவங்களுக்குள்ள ஒரு முழு வாழ்க்கை நடக்குதுங்கறது காதுலயே கேக்குது. புக்கை மாத்தினதாலதான் இது கிடைச்சுது.

வன்முறையைக் காட்டறதும் அப்படித்தான். புக்குல படிக்கும்போது வேகத்தை நாம முடிவு பண்றோம், தாங்கலைன்னா புக்கை மூடிடலாம், நான் விஷ மாவு வர்ற பக்கத்துல மூடி வெச்சுட்டு ரெண்டு நாள் கழிச்சுத்தான் திறந்தேன். திரைல வேகத்தை எடிட்டர் முடிவு பண்றாரு. எவ்ளோ காட்டணும், எங்க வெட்டணும், சுடறவன் முகமா சுடப்படறவர் முகமான்னு ஒவ்வொரு ஷாட்டும் ஒரு பக்கம் சாயுது. இன்னொண்ணு, ஸ்மாஷரா நடிச்சது டிம் மின்சின், நகைச்சுவைப் பாட்டுக்குப் பேர் போனவரு. ஜனங்களுக்குப் பிடிச்ச அந்த முகத்துல அந்தக் கொடூரம் வரும்போது, வில்லன்னா தனியா ஒரு மாதிரி இருப்பான்ங்கற நம்ம நினைப்பு ஆட்டம் கண்டுடுது.

அதனால ஒரு தழுவலைப் பாத்துட்டு 'புக்குல இருந்தது வந்துச்சா'ன்னு மட்டும் கேக்காம, நாவல் நம்மளை யார் பக்கத்துல உக்கார வெச்சுது, இது யார் பக்கத்துல உக்கார வெக்குதுன்னு கேட்டுப் பாருங்க. எனக்கு நாவல்தான் பெரிய படைப்பு. ஆனா துடைப்பத்தைத் தாண்டி அந்த வாசல்ல இருந்தவங்க முகத்தைப் பாக்கணும்னா நாடகமும் டிவியும் இல்லாம முடியாது.

படகுத்துறை

அன்னைக்குப் பேசினதுக்கு அடுத்த வாரம் நாங்க நாலு பேரும் ஒரே கார்ல வைஸ்மன்ஸ் ஃபெர்ரிக்குப் போனோம். சாலமன் வைஸ்மன் 1827ல ஆரம்பிச்ச அந்தப் படகுப் போக்குவரத்து இன்னைக்கும் ஓடுது, கம்பிவடத்தைப் பிடிச்சுக்கிட்டு காரோட நம்மளை அக்கரைக்குக் கொண்டு போகும், காசு கிடையாது. மேட்டுல அவர் கட்டின கல் வீடு இருக்கு, இப்ப அது ஒரு ஹோட்டல், வெளில மேஜை போட்டு ஜனங்க சாப்பிட்டுட்டு இருந்தாங்க.

நாவலோட கடைசில தோர்ன்ஹில் அப்படி ஒரு கல் வீட்டைக் கட்டறான், பாறைல பூர்வகுடிகள் செதுக்கி வெச்ச ஒரு மீன் மேலயே கட்டிடறான். அதுக்கப்புறம் சாயங்காலம் ஆனா பெஞ்சுல உக்காந்து டெலஸ்கோப் வெச்சு எதிர்க்கரைப் பாறையையும் மரங்களையும் பாத்துட்டே இருப்பான், யாராவது தெரியறாங்களான்னு.

'காலியா கிடந்த நாடு'ன்னு சொன்ன அண்ணன் படகுல கம்பியைப் பிடிச்சுட்டு ஆத்தோரத்தையே பாத்துட்டு வந்தாரு. அக்கரை சேந்ததும் கேட்டாரு, "அந்தக் கிழங்கு இன்னும் இங்க எங்கயாவது முளைக்குமா?"